அவர் சிறுநீரகம் பழுதாகித்தான் இறந்தார்

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இறந்துபோன சிமென்ட் கடைப் பெரியவரின் உடலருகே வெள்ளை ஏப்ரனும் கையுறையுமாக நிற்கும் நண்பர்களைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி, பக்கத்தில் ராபர்டோ கால்வியின் படத்தை ஒட்டி, "தொழிலதிபர், லாட்ஜ் உறுப்பினர், மரணம்... புரிகிறதா?" என்று கேட்ட அந்தப் பதிவு. லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி இல்லை; ஃப்ரீமேசன் (சுருக்கமாக மேசன்) என்ற சகோதரச் சங்கத்தின் கிளை. பெரியவரும் அந்த நண்பர்களும் அதன் உறுப்பினர்கள்.

என்ன புரிய வேண்டும்? அவர் சிறுநீரகம் பழுதாகி இறந்தார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார். போகாத நாட்களில் கடையில் உட்கார்ந்து பில் சரிபார்த்தார். கடைசி மாதம் அதுவும் முடியவில்லை. இதில் மர்மம் எங்கே இருக்கிறது?

கால்வி யார் என்று தெரிந்துதான் போட்டீர்களா? இத்தாலியின் பாங்கோ அம்ப்ரோசியானோ வங்கியின் தலைவர். வங்கி திவாலாகிக்கொண்டிருந்த நேரத்தில், 1982 ஜூனில், லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தடியில் பிணமாகத் தொங்கினார். உடுப்பின் பைகளில் செங்கல் துண்டுகள். முதலில் தற்கொலை என்றார்கள், பிறகு கொலை என்று வழக்கு நடந்தது, 2007-ல் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரும் விடுதலையானார்கள். அவர் இருந்த பி2 லாட்ஜை இத்தாலியின் தலைமை மேசன் அமைப்பே 1976-ல் இடைநிறுத்திவிட்டது. இந்தக் கதையை, சிமென்ட்டும் பைப்பும் விற்று, நோயில் படுத்து, மகள் கையைப் பிடித்தபடி செத்த மனிதரோடு ஒட்டவைக்க எப்படி மனம் வந்தது?

படத்தில் உடலோடு இருந்த அந்த இலைக்கொத்தை மாந்திரீகம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது அகேசியா, வேல மர வகையின் கிளை. ஆன்மாவுக்கு அழிவில்லை என்பதற்கு மேசன்கள் வைத்திருக்கும் அடையாளம். இறந்த சகோதரனுக்கு மற்றவர்கள் வைத்துக் கும்பிடுவது. அவ்வளவுதான்.

மேசன்கள் செய்வது சாத்தான் வழிபாடு என்று எழுதியவருக்கும் சொல்கிறேன். அந்தக் கதையைப் புத்தகம் புத்தகமாக எழுதிப் பரப்பியவர் லியோ டாக்ஸில் என்ற பிரெஞ்சுக்காரர். 1897 ஏப்ரலில் பாரிஸில் ஒரு கூட்டம் கூட்டி, "எல்லாம் நான் கட்டிய கதை" என்று அவரே சொல்லிவிட்டார். சொன்னவனே வாபஸ் வாங்கிய பொய்யை நீங்கள் இன்னும் தூக்கிச் சுமக்கிறீர்கள். இதே மாதிரிப் பேச்சுதான் ஹிட்லர் காலத்தில் லாட்ஜ்களை மூட வைத்தது, பல மேசன்களை வதைமுகாமுக்கும் அனுப்பியது. விவேகானந்தர் 1884-ல் கல்கத்தாவில் ஒரு லாட்ஜில் சேர்ந்தவர். அவரையும் வட்டம் போட்டுக் காட்டுவீர்களா?

"ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் ரகசியம்?" என்பீர்கள். அவர்கள் சடங்கை 1730-லேயே லண்டனில் அச்சடித்து விற்றுவிட்டார்கள். இன்று யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். லாட்ஜுக்குள் மதச் சண்டையும் அரசியல் சண்டையும் கூடாது என்று 1723-ல் அச்சான விதியிலேயே இருக்கிறது. நம்முடைய எந்தக் குழுவில் அப்படி ஒரு விதி இருக்கிறது?

"பெண்களைச் சேர்ப்பதில்லையே?" பெரும்பாலான லாட்ஜ்களில் சேர்ப்பதில்லை. பெண்ணான எனக்கும் அது பிடிக்காது. அதைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம், வருகிறேன். பிணத்தை நடுவில் போட்டுக்கொண்டு வேண்டாம்.

"வியாபாரத் தொடர்புக்காகத்தான் சேர்கிறார்கள்." இதுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது. ஆதாயம் தேடி வரவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அங்கே ஆளைச் சேர்க்கிறார்கள். சொல்லிவிட்டு ஆதாயம் தேடுகிறவன் இருப்பான், எங்கேதான் இல்லை? ஆனால் இவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். என் அப்பா சின்ன காண்ட்ராக்டர். வீடு கட்டச் சொன்னவர் பணம் தராமல் ஏமாற்றிவிட, இவர் கடையில் வாங்கிய சரக்குக் கடன் அப்பா தலையில் நின்றது. ஒரு நாள் மாலை பெரியவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா உள்ளே அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் அப்பாவின் கணக்கு நோட்டை வாங்கி, தரையில் உட்கார்ந்து, மாதாமாதம் எவ்வளவு முடியும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். வட்டி போடவில்லை. போகும்போது, "கணக்கு எழுதத் தெரியாதவன் காண்ட்ராக்ட் எடுக்கக் கூடாது" என்று எங்கள் முன்னாலேயே திட்டிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை அப்பா கடைசி வரை மன்னிக்கவில்லை. கடன் தீர்ந்த பிறகும் அவரோடு சரியாகப் பேசியதில்லை. பெரியவர் இனிமையான மனிதர் இல்லை, முன்கோபி. ஆனால் அப்பா லாட்ஜ் ஆள் இல்லை, திருப்பிச் செய்ய அவரிடம் எதுவும் இல்லை. அப்படி இருந்தும் எங்கள் வீட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தாரே, எந்தத் தொடர்புக்காக?

அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவரிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து வீடு கட்டியவர் அதில் இருக்கிறார். அவர் சிபாரிசில் வேலைக்குப் போனவர் இருக்கிறார். உடலைப் பார்க்க வரக்கூட இவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. வட்டம் போட்ட அந்தக் கையுறைக்காரர்கள்தான் ஆஸ்பத்திரியில் மாறி மாறி இரவு விழித்தார்கள். டயாலிசிஸுக்குக் காரில் கூட்டிப்போனதும் அவர்கள்தான். அப்போது ஒருவரும் படம் எடுத்துப் போடவில்லை.

"எதற்கு இவ்வளவு கோபம், ஒரு கேள்விதானே கேட்டோம்" என்று கீழே எழுத வருவீர்கள். அந்தக் கேள்வி உங்களோடு நிற்கவில்லை. பள்ளியில் அவர் பேரனிடம், "உங்க தாத்தாவை யார்டா கொன்னது?" என்று பையன்கள் கேட்டிருக்கிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்கிறான். அப்பாவைப் பறிகொடுத்த பெண் அந்தக் குழந்தைக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். பதிவை எடுத்துவிடுங்கள். அவளிடம் நேரில் போய் மன்னிப்பும் கேளுங்கள். வீடு உங்களுக்குத் தெரியாததல்ல.