சொதிக்கு வெள்ளை ஒயின்

நம்ம பக்கம் சாராயக் கடைக்கு 'ஒயின்ஷாப்' என்றுதான் பேர், ஆனால் அங்கே போய் ஒயின் கேட்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. பாளையங்கோட்டையில் அறை எடுத்து எம்.ஏ. படிக்கிற நாலு பேர் நாங்கள், எல்லாருக்கும் 21 வயது தாண்டியாச்சு. ஆளுக்கு 200 ரூபாய் போட்டு, இருப்பதிலேயே விலை குறைந்த நாசிக் சிவப்பு ஒயின் 750 மில்லி பாட்டில் ஒன்று வாங்கினோம்.

முதல் நாள் சாளைக் குழம்பு. வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ஒரு சுவை. "ஏல, ஒயின் கெட்டுப் போச்சுல" என்றான் நண்பன். கெடவில்லை. சிவப்பு ஒயினில் இருக்கிற இரும்புச்சத்து மீனோடு சேரும்போது அப்படித்தான் கவிச்சி தூக்கும், மிளகாய்க் காரத்தையும் அதன் துவர்ப்பு இன்னும் ஏற்றிவிடும். விலை குறைவு என்பதால் வந்த கோளாறு இல்லை, கூட வைத்த சாப்பாடுதான் பொருந்தவில்லை.

அடுத்த மாதம் வெள்ளை ஒயின், கொஞ்சம் இனிப்புள்ளது. அதற்குச் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு வைத்தோம். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் வைக்கிற அதே சொதிதான், ஒரு அடுப்பு, ஒரு குக்கர் போதும். பாசிப்பருப்பை வேகவைத்து, முருங்கைக்காய், உருளை, கேரட்டை மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவிட்டு, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழத்தை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் பால் திரிந்துவிடும், இறக்கிய பிறகுதான் பிழியணும் (அம்மாவிடம் போனில் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்). தொட்டுக்க இஞ்சித் துவையல். தேங்காய்ப்பாலின் கொழுப்புக்கு அந்த ஒயினின் லேசான புளிப்பு அவ்வளவு பொருத்தம்! அரை டம்ளரை ஒரு மணி நேரம் வைத்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

இதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் வயதுப் பையன்கள் வெறும் வயிற்றில், ஊறுகாயை நக்கிக்கொண்டு, 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள குவார்ட்டரை இறக்குகிறார்கள். ஒயினில் 12, 13 சதவீதம்தான், ஆனாலும் அதுவும் மதுதான், வேண்டாம் என்பவர்களை நான் கட்டாயப்படுத்தவில்லை. குடிக்கத்தான் போகிறோம் என்றால் முதலில் உலை வைப்போம். சமைக்கத் தெரிந்த பிறகு எங்கள் அறையில் குவார்ட்டர் வருவது நின்றே போச்சு, யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை.

வரும் சனிக்கிழமை உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். அதற்கு மறுபடியும் சிவப்பை வாங்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.