ஃபார்ம் நிரப்பத் தெரியாதா என்று கேட்டவருக்கு

சனிக்கிழமை நடந்த போட்டியில், கல்லூரி விண்ணப்பத் தேதிகளை நினைவூட்டும் ஒரு செயலியை மூன்று மாணவிகள் மேடையில் காட்டினார்கள், நடுவர் அதைக் கேலி செய்தார். அதைப் பற்றி இங்கே பலரும் எழுதிவிட்டீர்கள். வீடியோவும் எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. நடுவராக வந்தவரின் பெயரையும் எழுதப் போவதில்லை, கமெண்டில் நீங்களும் எழுத வேண்டாம். அவர் சொன்ன ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். "பிளஸ் டூ முடிச்சவனுக்கு ஒரு ஃபார்ம் நிரப்பத் தெரியாதா? அதுக்கு ஒரு ஆப்பா?"

அரங்கம் சிரித்தது. மேடையில் நின்ற அந்த மூன்று மாணவிகளும் வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் மனதில் ஆறவில்லை.

ஐயா, ஃபார்ம் நிரப்புவது இதில் கடைசி வேலை. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம்தான் விண்ணப்பம். பொறியியலுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தளம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு வேறு தளம். வேளாண்மைக்குக் கோயம்புத்தூர் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவத்துக்கு இன்னொரு பல்கலைக்கழகம், சட்டத்துக்கு இன்னொன்று, மருத்துவத்துக்குத் தேர்வுக் குழு. ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி, தனிக் கடவுச்சொல், தனிச் சான்றிதழ்ப் பட்டியல். மதிப்பெண் இருந்தும் இங்கே பிள்ளைகளுக்கு இடம் போகிறது. தேதி தவறிப் போகிறது, ஒரு காகிதம் வராமல் போகிறது. அறிவில்லாமல் போவதில்லை.

திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் மண்ணில், நம் பிள்ளைகள் பஸ் ஏறிப் போகும் தூரத்தில். அங்கே இளநிலைப் படிப்பில் சேர க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. க்யூட் விண்ணப்பமோ அதற்கு முன்பே, பிள்ளை பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடுகிறது. மார்க் வந்த பிறகுதான் எங்கே சேரலாம் என்று யோசிக்கத் தொடங்கும் குடும்பத்துக்கு அந்தக் கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டுவிட்டது. இதில் ஃபார்ம் நிரப்பும் திறமை எங்கே வருகிறது?

அப்புறம் சான்றிதழ்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் தலைமுறைப் பட்டதாரி. இ-சேவை மையத்தில் முதலில் கேன் எண் என்ற பதிவு எண் வாங்க வேண்டும். பிறகு விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், அதற்கும் மேலே தாசில்தார் அலுவலகம். முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் யார் யார் எதுவரை படித்தார்கள் என்று காட்ட வேண்டும். அண்ணனின் டிசி எங்கே என்று தேட வேண்டும். இந்தக் காகிதங்களுக்கான கூட்டமெல்லாம் மே, ஜூன் மாதங்களில்தான் தாலுகா ஆபீசில் நிற்கும். ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை, நடப்பதும் அதே மாதங்களில்தான். அலுவலர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் இரண்டு கைதான். ஆனால் ஜூனில் தேவைப்படும் காகிதத்துக்கு மார்ச்சிலேயே நடக்கத் தொடங்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

அந்த மாணவிகளின் செயலி அதைத்தான் சொன்னது. நான் செயலிகள் செய்யும் துறையில் வேலை பார்ப்பவன், அதனால் தெரிந்தே சொல்கிறேன். அதில் திறந்தவுடன் உள்நுழைவு கிடையாது, போன் நம்பர் கேட்பது கிடையாது. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, "இன்று இதை மட்டும் செய்" என்று தமிழில் ஒரே ஒரு வரி. ஒவ்வொரு விண்ணப்பத்துக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம்: "ஓடிபி யார் போனுக்கு வரும்?" இன்னொரு கட்டம்: "இமெயில் யார் திறந்து கொடுத்தது?" நடுவர் அந்த இரண்டையும் தேவையில்லாத குப்பை என்றார். எடுத்துவிட்டு ஏஐ வைத்து எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று கணித்துச் சொல்லுங்கள், கல்லூரிகளிடமிருந்து காசு வரும் என்றார்.

அந்தக் கட்டம் ஏன் இருக்கிறது என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு தம்பி. அரசுப் பள்ளி, நல்ல கட்-ஆஃப். அப்பா லாரி ஓட்டுகிறார். பிரவுசிங் சென்டரில்தான் விண்ணப்பித்தான். இமெயிலை அங்கிருந்தவர் அவருடைய போன் நம்பர் போட்டுத் திறந்து கொடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வரிசையில் பத்துப் பேர் நின்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். கவுன்சிலிங்கில் இவனுக்கு ஆசைப்பட்ட கல்லூரியே தற்காலிக ஒதுக்கீட்டில் வந்தது. அதை இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். கடவுச்சொல் மறந்துவிட்டது. மாற்றலாம் என்றால் எல்லாம் அந்த சென்டர்காரரின் போனுக்கும் இமெயிலுக்கும் போகிறது. அவர் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போயிருந்தார், கடை பூட்டியிருந்தது. இடம் போய்விட்டது. அந்த வருடம் வேறொரு கல்லூரியில், அவன் விரும்பாத படிப்பில் சேர்ந்தான்.

அதே வருடம் என் அக்கா மகளும் விண்ணப்பித்தாள். அவனைவிடக் கட்-ஆஃப் குறைவு. அவளுக்கு நல்ல கல்லூரி கிடைத்தது. ஏனென்றால் அவளுக்கு நான் இருந்தேன். விருப்பப் பட்டியலில் போடும் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபார்க்க நான் இருந்தேன். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகளில் எது எது என்று பிரித்துச் சொல்ல நான் இருந்தேன். ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதா, மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவதா என்று ஆங்கிலத்தில் நான்கைந்து வழிகள் வரும். அதில் எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல நான் இருந்தேன். அவள் புத்திசாலிதான். ஆனால் அந்தத் தம்பி அவளுக்குக் குறைந்தவன் இல்லை. அவன் வீட்டில் இதெல்லாம் தெரிந்த ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது வரப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இன்பாக்ஸில் ஏற்கெனவே வந்துவிட்டன.

அரசே உதவி மையங்கள் வைத்திருக்கிறதே என்கிறீர்கள். ஆமாம், இருக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. அங்கே போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். 2022 முதல், மாணவர்களுக்கு மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் நான் முதல்வன் திட்டமும் வந்திருக்கிறது. அரசைக் குறை சொல்லும் பதிவு இல்லை இது. உதவி மையத்துக்கு எப்போது போக வேண்டும் என்பது தெரிந்தால்தானே போக முடியும்? அதைத்தான் இந்தச் செயலி நினைவூட்டுகிறது.

வாட்ஸ்அப் குரூப் போதாதா? போதாது. கல்யாண வாழ்த்துக்கும் அரசியல் சண்டைக்கும் நடுவில் ஒரு கடைசித் தேதியைத் தேடிப் பாருங்கள், தெரியும்.

ஸ்பூன் ஃபீடிங் என்று எழுதியவர்களுக்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் கன்சல்டன்ட் வைக்கிறார்கள். கட்டுரையைத் திருத்துவது, தேதியைக் குறிப்பது, ஆவணங்களைச் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. அதற்கு லட்சங்களில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். யாராவது அதை ஸ்பூன் ஃபீடிங் என்றதுண்டா? பிரிட்டனில் யூகாஸ் என்ற ஒரே அமைப்பின் வழியாக, ஒரே விண்ணப்பத்தில் ஐந்து படிப்புகள் வரை கேட்கலாம். எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்கலாம். அங்கே பிள்ளைகள் அதனால் சோம்பேறி ஆகிவிட்டார்களா? பணம் கொடுத்து வாங்கும்போது அது வழிகாட்டுதல். இலவசமாக ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைத்தால் மட்டும் அது ஊட்டிவிடுவதா? இதைக் கேட்கும்போதே எனக்குக் கை நடுங்குகிறது, மன்னியுங்கள்.

அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க 50 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 2 ரூபாய். அவ்வளவு குறைவாக வைத்ததற்குப் பின்னால் ஓர் எண்ணம் இருக்கிறது: பணம் இல்லாத காரணத்தால் ஒரு பிள்ளையும் நின்றுவிடக் கூடாது. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை நீக்கியதும், தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கியதும், அவர்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் கொடுப்பதும் அதே எண்ணத்தில்தான். இவ்வளவும் செய்த ஊரில், கடைசியில் ஓர் ஓடிபிக்காக ஒருவன் இடத்தை இழப்பதை "தெரியாதவன் தவறு" என்று சொல்லிவிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

அந்தக் காசு வரும் யோசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியிடம் காசு வாங்கும் செயலி பிள்ளையின் நம்பரை வாங்கும். பிறகு என்ன நடக்கும் என்று பிளஸ் டூ பிள்ளை இருக்கும் எல்லா வீட்டுக்கும் தெரியும். மார்க் வந்த நாளிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். "சார், ஒரு சீட்தான் இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க." கவுன்சிலிங் தொடங்கும் முன்பே, நகையை அடகு வைத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். போன் நம்பர் கேட்காத ஒரு செயலியை மூன்று மாணவிகள் யோசித்து வடிவமைத்தார்கள் என்றால், அவர்கள் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். தொழில் தெரியாமல் செய்ததில்லை அது.

தங்கைகளே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த இரண்டு கட்டங்களையும் எடுக்காதீர்கள். பரிசு கிடைக்காதது பற்றி எனக்கும் வருத்தம்தான். செயலியைச் சோதித்துப் பார்க்க வரும் மே மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் நானும் நண்பர்களும் உட்காரப் போகிறோம், நீங்களும் வாருங்கள்.

மற்றவர்களிடம் ஓர் உதவி. உங்களில் இ-சேவை மையம் நடத்துபவர்கள், தாலுகா ஆபீசில் வேலை பார்ப்பவர்கள், மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வட்டத்தில் எந்தச் சான்றிதழ் வர உண்மையில் எத்தனை நாள் ஆகிறது, எந்தக் காரணத்துக்காக அதிகம் திருப்பி அனுப்பப்படுகிறது என்று கமெண்டில் எழுதுங்கள். அந்த மாணவிகளுடைய செயலியின் சான்றிதழ்ப் பக்கத்தில் இப்போதைக்கு அது மட்டும்தான் காலியாக இருக்கிறது.