ஏழாவது திருத்தம்

அந்த வீடியோவை நான் இங்கே போடப்போவதில்லை. இந்நேரம் எல்லார் கைக்கும் வந்திருக்கும். நாற்பது நொடி. ஒரு மின்பாதைத் திட்டத்துக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒரு பெரியவர் மைக்கைப் பிடுங்குகிறார், மேடையில் இருப்பவர் "உட்காருங்க, உட்காருங்க" என்கிறார், மேலே சிரிக்கிற பொம்மை போட்டு "வளர்ச்சியைத் தடுக்கும் கும்பல்" என்று ஒரு தலைப்பு. மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். நேற்று நான் மதிக்கிற ஒருவர், இந்தத் துறையில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர், அதைப் பகிர்ந்து "மக்களுக்குப் புரியவைக்கத் தவறிவிட்டோம், அவுட்ரீச் டீம் இன்னும் நன்றாக வேலை செய்திருக்கலாம்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு தூக்கம் போய்விட்டது. அவுட்ரீச் டீம் என்றால் யார் சார்? திட்டத்தைப் பற்றி மக்களிடம் பேச ஊர் ஊராகப் போய்த் திட்டு வாங்குகிற நானும் என்னைப் போல நாலு பேரும்தானே?

அது என் திட்டம் இல்லை, அந்தக் கூட்டத்திலும் நான் இல்லை. ஆனால் முழு வீடியோ ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது, உட்கார்ந்து பார்த்தேன். பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்? பெரியவர் மைக்கைப் பிடுங்குவதற்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா? அவர் எழுந்து சுவரில் ஒட்டியிருந்த மேப்புக்குப் பக்கத்தில் போகிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வலது பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி எல்லாம் பொடி எழுத்தில், அதில் விரலை வைத்துப் படிக்கிறார். அப்புறம் திரும்பி, சத்தம் போடாமல் கேட்கிறார்: "ஏம்ப்பா, இதுல திருத்தம் ஏழுன்னு போட்டிருக்கே. முந்தின ஆறு திருத்தம் செய்யும்போது எங்கள்ல யாரையாவது கேட்டீங்களா?"

மேடையிலிருந்து வந்த பதில்: "அது டெக்னிக்கல் விஷயம் ஐயா, உங்களுக்குத் தேவைப்படாது."

அதற்குப் பிறகுதான் அந்த நாற்பது நொடி.

இதில் யாருக்கு என்ன புரியவைக்கத் தவறிவிட்டோம்? அந்த மனிதருக்கு எல்லாமே புரிந்துவிட்டது, பிரச்சினையே அதுதான். முடிவெடுத்துவிட்டு வந்து கேட்பதற்குக் கேட்பது என்று பெயர் இல்லை. இதை வருடக்கணக்காக ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு உயர் அழுத்த மின்பாதை போட வேண்டும் என்றால் முதலில் எங்கிருந்து எங்கே என்று முடிவாகும், இரண்டு முனையிலும் சப்-ஸ்டேஷன். அப்புறம் கம்ப்யூட்டரில் சாட்டிலைட் படத்தை வைத்து இரண்டு மூன்று வழித்தடம் போட்டுப் பார்ப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து சர்வே, சர்வே முடிந்ததும் எந்த இடத்தில் எந்த டவர் என்று புள்ளி வைப்பது, அப்புறம் டெண்டர். பாதை திரும்புகிற இடத்தில் நிற்கும் கோண டவர்தான் இதில் முக்கியம். நேர்ப் பாதையில் நிற்கிற டவரைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளலாம். கோண டவரைப் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டு பக்கமும் பாதையே மாறிவிடும், அந்தப் பக்கம் வேறு யாரோ ஒருவரின் நிலத்துக்கு மேல் போகும். அதனால் டெண்டர் விட்ட பிறகு அதை யாரும் தொட மாட்டார்கள். எங்களை மக்களிடம் அனுப்புவது எப்போது? டெண்டர் விட்ட பிறகு. "உங்கள் கருத்துகளைப் பரிசீலிப்போம்" என்று நான் மைக்கில் சொல்லும்போது, பரிசீலிக்க ஒன்றும் மிச்சம் இல்லை என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினியருக்கும் தெரியும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இது நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. 1998-லேயே டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரத்தில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. மக்களை ஆரம்பத்திலேயே, எல்லா வழிகளும் திறந்திருக்கும்போதே உள்ளே கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். எல்லா வழிகளும் திறந்திருக்கும்போதே. இந்த மூன்று வார்த்தையை அச்சடித்து ஒவ்வொரு திட்ட மேலாளரின் மேசையிலும் ஒட்ட வேண்டும் போலிருக்கிறது.

அதே டென்மார்க்கில் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே மிடெல்கிரண்டன் என்று ஒரு கடல் காற்றாலைத் திட்டம். முதலில் போட்ட திட்டம் மூன்று வரிசையில் 27 காற்றாலை. மக்களிடம் கொண்டுபோனார்கள், கரையிலிருந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, வில் போல லேசாக வளைந்த ஒரே வரிசையில் 20 என்று மாற்றினார்கள். 27 போய் 20! நம் ஆட்களிடம் ஏழு காற்றாலையைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பாதித் திட்டம் கூட்டுறவுக்குச் சொந்தம், 8,000 பேருக்கு மேல் பங்கு வைத்திருந்தார்கள். 2000-த்தில் கட்டி முடித்தார்கள். கலைக்கக்கூடிய நேரத்தில் போய்க் கேட்டார்கள், அதனால் கலைக்க முடிந்தது.

சரி, கமெண்ட்டில் என்ன வரும் என்று தெரியும். முதலில் "படிக்காத ஜனங்களுக்கு மின்பாதையைப் பற்றி என்ன தெரியும்" என்று ஒருவர் வருவார். வாருங்கள். அமெரிக்காவில் கேப் விண்ட் என்று ஒரு திட்டம், 2001-ல் ஆரம்பித்தது, நான்டக்கெட் கடற்பகுதியில் 130 காற்றாலை. எதிர்த்தவர்கள் யார்? கடற்கரையில் மாளிகை வைத்திருக்கும் பணக்காரர்கள். செனட்டர் எட்வர்ட் கென்னடி எதிர்த்தார். பதினாறு வருடம் இழுத்து 2017-ல் கைவிட்டார்கள். யாராவது கென்னடியைப் பார்த்து "படிக்காத கும்பல், புரியவைக்கத் தவறிவிட்டோம்" என்றார்களா? பணக்காரன் எதிர்த்தால் அது ஆட்சேபம், நிலத்தில் நிற்பவன் எதிர்த்தால் அறியாமை.

அறியாமை என்றதும் நினைவுக்கு வருகிறது, எல்லாக் கூட்டத்திலும் ஒருவராவது "இந்த லைனுக்குக் கீழே இருந்தால் புற்றுநோய் வருமா" என்று கேட்பார். எங்கள் எஞ்சினியர்கள் "அதெல்லாம் ஒன்றும் வராது" என்று கையை வீசிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது, அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. ஏனென்றால் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன் போனில் தேடிப் பார்த்துவிடுவான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-லேயே மின்கம்பியைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலத்தை 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆதாரம் குறைவு' என்ற வகையில் வைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு பலவீனமான ஒரு தொடர்பு சில ஆய்வுகளில் தெரிந்தது, இதுதான் காரணம் என்று யாராலும் நிறுவ முடியவில்லை, கம்பியை விட்டுத் தள்ளிப் போகப் போகப் புலம் வேகமாகக் குறைந்துவிடும். இவ்வளவையும் சொல்ல மூன்று நிமிடம் போதும். நான் சொல்லியிருக்கிறேன், ஒருத்தரும் பயந்து ஓடவில்லை. "அப்ப வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போடுவீங்க" என்று கேட்டார்கள். ரொம்ப நல்ல கேள்வி. பதில்தான் என்னிடம் இல்லை, ஏனென்றால் தூரம் ஏற்கெனவே முடிவாகிவிட்டிருந்தது.

அடுத்து, "ஆரம்பத்திலேயே சொன்னால் புரோக்கர்கள் புகுந்து நிலத்தை வளைத்துவிடுவார்கள்" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மேப் ஆறு திருத்தம் போகும்போது எத்தனை ஆபீஸ் வழியாகப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். புரோக்கருக்கு முதல் திருத்தத்திலேயே தெரிந்துவிடுகிறது, நிலத்துக்காரருக்குத்தான் ஏழாவதில் தெரிகிறது.

அப்புறம் பெரிய ஆயுதம்: "பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது, உட்கார்ந்து பேச நேரம் இல்லை." எனக்கு மட்டும் பூமி குளுகுளுவென்றா இருக்கிறது? நேரம் இல்லை என்பவர்கள் ஜெர்மனியின் சூட்லிங்க் கதையைப் பாருங்கள். வடக்கிலிருந்து தெற்கே சுமார் 700 கிலோமீட்டர் மின்பாதை. 2014-ல் வழித்தடத்தை வெளியிட்டதும் எதிர்ப்பு கிளம்பியது, கடைசியில் தரைக்கு அடியில் கேபிளாகப் போட வேண்டும் என்று 2015-ல் சட்டமே மாற்றினார்கள், முழுப் பாதையையும் முதலிலிருந்து திட்டமிட வேண்டியதாயிற்று. 2022-ல் முடிய வேண்டியது, இப்போது 2028 என்கிறார்கள். அங்கேயும்தான் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்களே என்பீர்கள். போட்டார்கள், மேப்பில் கோடு போட்ட பிறகு.

நார்வேயில் ஃபோசன் இன்னும் மோசம். சாமி பழங்குடியினர் கலைமான் மேய்க்கும் நிலத்தில் 151 காற்றாலை. ஆரம்பம் முதலே வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், வழக்கும் போட்டார்கள். வழக்கு ஒரு பக்கம் நடக்கக் கட்டி முடித்து ஓட்டவும் ஆரம்பித்தாகிவிட்டது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உரிமம் செல்லாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. 151 காற்றாலையும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, உரிமம் செல்லாது! தீர்ப்பு வந்து 500 நாள் ஆகியும் ஒன்றும் நடக்காமல் இளைஞர்கள் அமைச்சகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்கள். 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும்தான் சமரசம் ஆனது. வேகமாகப் போகிறோம் என்று கிளம்பியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் இது.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியமா என்றால், இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையில் ஒரு நீளமான ரெஜிஸ்டர் கொடுத்து, கூட்டத்துக்கு வருகிற எல்லாரிடமும் பெயரும் கையெழுத்தும் வாங்கச் சொன்னார்கள். வாங்கினேன். வருகைப் பதிவுக்கு என்று நானே வாயால் சொல்லி வாங்கினேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மை தொட்டு விரலைப் பிடித்து வைத்தேன். மூன்று மாதம் கழித்து அறிக்கை வருகிறது, அந்தப் பக்கங்கள் பின்னிணைப்பாக இருக்கின்றன, மேலே தலைப்பு: 'திட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தோர்'. நான் போய்க் கேட்டேன். "வந்திருக்காங்க இல்ல, எதிர்ப்புன்னா வந்திருப்பாங்களா" என்றார்கள். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, வேலை வேண்டியிருந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ரெஜிஸ்டரில் கைநாட்டு வைத்த ஒரு அம்மா அன்றைக்கு என்னிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். நீங்கள் டவர் போடுவதாகச் சொல்கிற இடத்தில் மழைக்காலத்தில் இரண்டு மாதம் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று. சர்வே நடந்தது கோடையில், தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, யார் நம்புவார்கள்? நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன், எஞ்சினியரிடமும் சொன்னேன், "நோட் பண்ணிக்கறேன்" என்றார். மழை வந்தது. தோண்டிய அஸ்திவாரக் குழி குளமாகி, கிரேன் சேற்றில் இறங்கி, ஆறு வாரம் அப்படியே நின்றது. அந்த அம்மாவுக்கு என் நம்பர் கொடுத்திருந்தேன், போன் வந்தது. திட்டுவார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். திட்டவில்லை. "நீ எழுதிட்டுப் போனியே ஒரு நோட்டு, அத யாருமே படிக்கலியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். என்ன சொல்ல முடியும்? நெட்வொர்க் சரியில்லை என்று கட் செய்துவிட்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அதனால்தான் "அவுட்ரீச் டீம் இன்னும் நன்றாக" என்ற வரி அப்படிச் சுட்டது. திட்டத்தில் கடைசியாகச் சேர்க்கப்படுகிறவர்கள் நாங்கள். வடிவமைப்புக் கூட்டத்துக்கு அழைப்பு வராது. அழைத்தாலும் வாசல் பக்கத்து நாற்காலி, "நீங்க பேசறதுக்குத்தானே இருக்கீங்க, இது ஸ்டெப்-பை-ஸ்டெப் டிசைன், போர் அடிக்கும்" என்று ஒரு சிரிப்பு. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கத்தரிக்கோல் படுவது எங்கள் பயணப்படியில். ஆனால் கூட்டத்தில் செருப்பு பறந்தால் மட்டும் அது கம்யூனிகேஷன் ஃபெயிலியர். 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். அதில் தகவல் சொல்வது மூன்றாவது படி, கருத்துக் கேட்பது நாலாவது, இரண்டையும் கண்துடைப்பு வகையில்தான் வைத்தார். ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது, நாங்கள் அந்த நாலாவது படியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறோம், அதற்கு ஒரு துறை, ஒரு அடையாள அட்டை, பின்னால் பேர் போட்ட ஜாக்கெட் வேறு.

மூத்தவரே, உங்களைக் காயப்படுத்த இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். நீங்கள் நினைத்திருந்தால் இரண்டாவது திருத்தத்திலேயே எங்களை உள்ளே கூப்பிட்டிருக்க முடியும், முடிவெடுக்கிற நாற்காலியில் நீங்கள் எட்டு வருடம் இருந்தீர்கள்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. மேப் இன்று காலை மெயிலில் வந்தது. முதலில் அந்த மூலைக் கட்டத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். திருத்தம் ஐந்து, பக்கத்தில் 'இறுதி' என்று இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் எப்படி இறுதியாகும் என்று பதில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் புது மேப் அனுப்பினார்கள். 'இறுதி'யை எடுத்துவிட்டிருக்கிறார்கள். கோடு அப்படியே இருக்கிறது.

கமெண்ட்டில் யாரும் அந்த வீடியோ லிங்க்கைப் போடாதீர்கள், பெரியவரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. போட்டால் நீக்கிவிடுவேன்.