முழங்கால் வரை தேங்காய் எண்ணெய் தடவினால் டெங்கு வராதா?

"டெங்கு கொசு முழங்காலுக்கு மேல் பறக்காது. தேங்காய் எண்ணெய் ஓர் ஆன்டிபயாட்டிக். காலில் தடவிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்." மழைக்காலம் வந்தாலே பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் இது சுற்றுகிறது. தவறான செய்தி.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு மாடி வீடுகளிலும் இருக்கும். கை, கழுத்திலும் கடிக்கும். டெங்கு வைரஸால் வருவது, அதை ஆன்டிபயாட்டிக்கே ஒன்றும் செய்யாது. தேங்காய் எண்ணெய் ஆன்டிபயாட்டிக்கும் அல்ல.

இந்தக் கொசு கடிப்பது பகலில், அதாவது பள்ளி நேரத்திலும்தான். அதனால் முழுக்கைச் சட்டை உதவும். வகுப்பில் ஒரு பழைய வாளியை வைத்தே பாடம் நடத்தலாம். தண்ணீர் மட்டத்தை ஒட்டி, உள்சுவரில் கறுப்புப் பொடிபோலக் கொசு முட்டைகள் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அவை போகாது; காய்ந்தும் மாதக்கணக்கில் தாங்கி, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும், எனவே வாரம் ஒருமுறை கட்டாயம். தண்ணீர் தேங்கும் கொட்டாங்குச்சி, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாம் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கண்ணில்தான் சீக்கிரம் படும்.

சரி, காய்ச்சல் வந்துவிட்டால்? மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் நீங்களாகக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.