பரிசோதித்தால்தானே கணக்கில் வரும்?
ஆய்வக எண்ணிக்கையை மட்டும் வைத்து, தமிழ்நாட்டில் இந்த வருடம் ஃப்ளூ குறைந்துவிட்டது என்று கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பன்றிக் காய்ச்சல் என்று சொல்கிற எச்1என்1 ஃப்ளூவுக்கான அரசு வழிகாட்டுதலில் நோயாளிகளை, நோயின் தீவிரத்தைப் பொறுத்து, ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். முதல் இரண்டு பிரிவுக்குப் பரிசோதனையே தேவையில்லை, மூச்சுத்திணறலோடு அட்மிட் ஆகிற சி பிரிவுக்குத்தான் சளி மாதிரி எடுப்பார்கள். அப்படியானால் பட்டியலில் இருப்பது படுத்துவிட்டவர்கள் கணக்கு மட்டும்தானே? நான் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஐப்பசி அடைமழை பிடித்த இரண்டாவது வாரம் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் அலமாரியில் தங்காது. போன மழையில் ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் ஐந்து அம்மாக்கள் வந்தார்கள், ஒரு பிள்ளைக்கும் டெஸ்ட் எடுக்கவில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் ஃப்ளூ குளிர்கால நோய் என்கிறார்; காஷ்மீருக்கு அது சரி, சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் அதற்கு சீசன். புது வைரஸைப் பிடிக்கவும் லேசான காய்ச்சலைப் பார்த்தாக வேண்டும். 2009இல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1 அமெரிக்காவில் முதலில் தெரியவந்தது கலிஃபோர்னியாவில் இரண்டு பிள்ளைகளிடம். இருவரும் தேறிவிட்டார்கள், மாதிரி எடுத்திருந்ததால்தான் தெரிந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சில புறநோயாளி பிரிவுகளில் வாரம் பத்துப் பேருக்காவது, லேசான காய்ச்சல் என்றாலும், மாதிரி எடுக்கட்டும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று அப்புறம் பேசலாம்.