சின்னப் பிள்ளைகளின் பெட்டி எது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த தங்கை மகனுக்கும், பாலக்காட்டில் படிக்கும் அண்ணன் மகனுக்கும் இடையே, வீடியோ கேம் பெட்டிகளில் மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் பெரிதா சோனியின் பிளேஸ்டேஷன் பெரிதா என்று தொடங்கியது. கோபம் ஏற ஏற ஒருவன் மலையாளத்துக்குத் தாவினான், மற்றவன் தமிழிலேயே நின்றான். என்னைத்தான் இருவரும் நடுவராக இழுத்தார்கள். ஒருவனுக்கு நான் மாமா, மற்றவனுக்குச் சித்தப்பா. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனரின் ஒன்பது வயது மகள், தூணில் சாய்ந்தபடி நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்ற பெட்டியில் விளையாடிக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் கணக்கிலேயே வராது மாமா, அது சின்னப் பிள்ளைகளுக்கு" என்றான் பொள்ளாச்சிக்காரன். அவள் தலை நிமிரவே இல்லை.

இதே வழக்கை, இதைவிட விலை உயர்ந்த வழக்கறிஞர்களைக் கொண்டு, 2023 ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் நடத்தினார்கள் என்று சொன்னபோது இருவரும் நம்பவில்லை. ஆக்டிவிஷன் பிளிஸார்டு என்ற வீடியோ கேம் தயாரிப்பு நிறுவனத்தை 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாப்ட் 2022 ஜனவரியில் அறிவித்தது. அதைத் தடுக்க வந்த அமெரிக்க வணிக ஆணையம், உயர்திறன் கன்சோல், அதாவது விளையாட்டுப் பெட்டி, சந்தையில் இருப்பவை எக்ஸ்பாக்ஸும் பிளேஸ்டேஷனும் மட்டுமே, ஸ்விட்ச் வேறு ஜாதி என்று வாதிட்டது. ஸ்விட்சைக் கழித்துவிட்டால் சந்தை சிறிதாகும், அதில் மைக்ரோசாப்டின் பங்கு பெரிதாகத் தெரியும் என்பது அதன் கணக்கு. மைக்ரோசாப்டோ ஸ்விட்சும் எங்கள் போட்டியாளரே என்றது. ஏனென்றால் ஸ்விட்சையும் சேர்த்தால்தான் தான் மூன்றாவது இடத்தில் கிடக்கும் ஏழை என்று காட்ட முடியும். கன்சோல் போரில் தோற்றுவிட்டோம் என்றே அந்த நிறுவனம் நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தது. பெண் பார்க்க வரும்போது ஒரு சம்பளமும், ரேஷன் அட்டைக்கு எழுதிக் கொடுக்கும்போது ஒரு சம்பளமும் சொல்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா, அதுபோல. தடை கிடைக்கவில்லை, 2023 அக்டோபர் 13 அன்று வாங்கி முடித்தார்கள்.

ஒரு பெட்டி யாருக்கானது என்பதை அந்தப் பெட்டி தீர்மானிப்பதில்லை என்பதே என் கருத்து. அதை விற்பவருக்கு அந்த நேரத்தில் எது தேவையோ அதுதான் அதன் வயதையும் குணத்தையும் தீர்மானிக்கிறது. தேவை மாறினாலோ உடைமை கைமாறினாலோ அது யாருக்கானது என்பதும் மாறிவிடும். நிண்டெண்டோவையே பாருங்கள். 1889-இல் கியோட்டோவில் பூச்சீட்டு செய்து விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. சீட்டு சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வணிகம் சரிந்து, கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்த நேரத்தில், 1985-இல் தன் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் ரோபோவையும் சேர்த்து வைத்து, இது பொம்மை என்று சொல்லித்தான் அதனால் அலமாரியில் இடம் பிடிக்க முடிந்தது. பொம்மை என்று விற்றதால் பிள்ளைகள் வந்தார்கள். அடுத்து வந்த போட்டி நிறுவனமான சேகா, அந்தப் பிள்ளைகளின் அண்ணன்மார்களைக் குறிவைத்து, நிண்டெண்டோவைக் கேலி செய்தே விளம்பரம் செய்தது. பின்னால் வந்த சோனி, இங்கிலாந்தில் இரவு நடன விடுதிகளுக்குள்ளேயே பிளேஸ்டேஷனைக் கொண்டுபோய் வைத்தது. மூன்றும் தொலைக்காட்சிப் பெட்டியோடு கம்பி போட்டு இணைக்கும் பெட்டிகள்தான்.

கைமாறிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பிளேஸ்டேஷன் விளையாட்டு ஒன்றின் நாயகனான கிராஷ் பாண்டிகூட் என்ற நரியின் கதை. இல்லை, அது நரியில்லை, ஆஸ்திரேலிய விலங்கு ஒன்று. 1996-இல் வந்த விளம்பரத்தில், அந்த வேடம் போட்ட ஆள் நிண்டெண்டோவின் அமெரிக்கத் தலைமையகத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியோடு நின்று, நிண்டெண்டோவின் விளையாட்டு நாயகன் மாரியோவை வம்புக்கு இழுப்பார். சோனியின் முகம் என்றே உலகம் அவரை நினைத்தது. ஆனால் கிராஷ் என்றைக்கும் சோனியின் சொத்தாக இருந்ததில்லை. உருவாக்கியது நாட்டி டாக் என்ற நிறுவனம், உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம். நாட்டி டாகை 2001-இல் சோனி வாங்கியபோது ஆள் வந்தார்கள், கிராஷ் வரவில்லை. கிராஷ் விவெண்டி என்ற நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து ஆக்டிவிஷனுக்குப் போய், இன்று மைக்ரோசாப்டின் வீட்டில் இருக்கிறார். சோனிக்காக நிண்டெண்டோ வாசலில் கத்தியவர் இப்போது எக்ஸ்பாக்ஸ்காரர். ஹேலோவின் கதை இதற்குச் சற்றும் குறைந்ததில்லை. 1999-இல் ஆப்பிள் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகம் செய்த விளையாட்டு அது. அதைச் செய்த பங்கி நிறுவனத்தை மறு ஆண்டே மைக்ரோசாப்ட் வாங்கி, எக்ஸ்பாக்ஸின் குலதெய்வமாக ஹேலோவை நிறுத்தியது. 2007-இல் பங்கி தனியாகப் பிரிந்தது, 2022-இல் 360 கோடி டாலருக்கு அதையே சோனி வாங்கியது. ஹேலோ மட்டும் மைக்ரோசாப்டிடம் தங்கிவிட்டது. அந்த ஹேலோவும் பிளேஸ்டேஷனுக்கு வரும் என்று 2025 அக்டோபரில் அறிவித்துவிட்டார்கள்.

எல்லை ஊர்க்காரர்களாகிய நமக்கு ரசிகர் சண்டை புதிதல்ல. கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு மொழி நட்சத்திரங்களுக்கும் கட்அவுட் வைக்கிற ஊர் நம்முடையது. ஆனால் நாம் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே நடிகர் அடுத்த கம்பெனிக்குக் கால்ஷீட் கொடுத்திருப்பார் என்பது நமக்குத் தெரியும். கேம் ரசிகர்களுக்கு அது ஏனோ தெரிவதில்லை.

எனக்கு இதில் உள்ள ஆதங்கம் வேறு. கல்லூரி நாட்களில் பொள்ளாச்சியில் ஒரு மாடிக்கடையில் மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து பிளேஸ்டேஷன் 2 விளையாடினோம். மெமரி கார்டுகளின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் அவரவர் பெயரை எழுதிவைத்திருப்பார் கடைக்காரர். இரண்டு கன்ட்ரோலர், எட்டுப் பேர், எப்போதும் கிரிக்கெட் 07. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட அந்த விளையாட்டோடு அதன் கிரிக்கெட் வரிசையே நின்றுபோனது. கால்பந்துக்கு ஆண்டுதோறும் புதுப் பதிப்பு போட்ட நிறுவனத்துக்கு, மாடிக்கடையில் எட்டுப் பேர் சேர்ந்து காசு போடும் நாங்கள் வாடிக்கையாளராகவே தெரியவில்லை. எங்களில் பாதிப் பேர் விளையாடியது திருட்டு டிஸ்க் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதே நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக, சவூதி அரசின் முதலீட்டு நிதியம் உள்ளிட்ட மூவர் 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். புதிய முதலாளிகளின் கண்ணுக்காவது கிரிக்கெட் தெரியுமா என்று என் நண்பர் கேட்டார். கால்பந்து தெரியும் என்றேன்.

திண்ணைக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகளின் பெட்டி என்று சொன்ன மருமகனிடம், அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னேன். 2009-இல் மைத்துனர் துபாயிலிருந்து ஒரு நிண்டெண்டோ வீ வாங்கி வந்தார். விளையாட்டு என்றாலே திரும்பிப் பார்க்காதவர்களை விளையாட வைக்க வேண்டும் என்று எண்ணி 2006-இல் நிண்டெண்டோ கொண்டுவந்த பெட்டி அது. பத்துக் கோடிக்கும் மேல் விற்றது. எங்கள் வீட்டில் அதை அதிகம் விளையாடியது என் அம்மாதான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ரிமோட்டின் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி, பவுலிங் பந்தை உருட்டுவார். எங்கள் அப்பாவை ஒரு நாளும் ஜெயிக்க விட்டதில்லை. பொம்மை என்று சொல்லி அலமாரியில் இடம் பிடித்த நிறுவனம் அறுபது வயதுப் பெண்மணியைத் தேடி வந்தது பரிவினால் அல்ல; பையன்களுக்கான சந்தையில் சோனியோடும் மைக்ரோசாப்டோடும் மோதிப் பயனில்லை என்று அது கணக்குப் போட்டதனால்தான். இருந்தாலும் அந்தக் கணக்கின் மீது எனக்கு ஒரு நன்றி உண்டு.

பேச்சைக் கேட்டுக்கொண்டே உள்ளேயிருந்து வந்த அம்மா, அந்த வெள்ளைப் பெட்டி இப்போது எங்கே என்று கேட்டார். பரணில் இருக்கிறது, அடாப்டர் போய்விட்டது என்றேன். புது அடாப்டர் எங்கேயாவது கிடைக்குமா என்று பாலக்காட்டுக்காரன் போனில் தேடத் தொடங்கினான்.