பச்சை என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல

பேரிடர் நேரத்தில் பார்க்க வேண்டிய இணையதளங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; நன்றாகத் தொகுத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐ.நா.வும் ஐரோப்பிய ஆணையமும் சேர்ந்து நடத்தும், உலகப் பேரிடர்களுக்கு எச்சரிக்கை தரும் ஜிடிஏசிஎஸ் (GDACS) தளத்தில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்கள் வரும். பாதிக்கப்பட்ட நாட்டுக்கு வெளியிலிருந்து உதவி தேவைப்படுமா என்பதை வைத்துத்தான் அந்த நிறங்களைத் தருகிறார்கள். பச்சையைப் பார்த்துவிட்டு 'நமக்கு ஒன்றுமில்லை' என்று யாரும் இருந்துவிடக் கூடாது. பச்சை காட்டிய அதே நிலநடுக்கத்தில் உங்கள் தெருவில் ஒரு சுவர் விழலாம். வீட்டைவிட்டு வெளியேறுவதா என்பதற்கு உள்ளூர் நிர்வாகமும் வானிலைத் துறையும் சொல்வதுதான் கணக்கு. பேரிடர் செய்திகளையும் அறிக்கைகளையும் திரட்டித் தரும், 1996 முதல் இயங்கும் ஐ.நா. தளமான ரிலீஃப்வெப்பும் (ReliefWeb) நிவாரணப் பணியாளர்களுக்குப் பொக்கிஷம், ஆனால் அது வீட்டுக்கான எச்சரிக்கை மணி அல்ல.

அப்புறம், செல்போன் கோபுரம் செயலிழந்தால் இந்தத் தளம் எதுவும் திறக்காது. வரைபடத்தை இப்போதே போனில் இறக்கி வையுங்கள். முக்கியமான எண்களைத் தாளில் எழுதி, மருந்துச்சீட்டு நகலோடு தண்ணீர் புகாத உறையில் போடுங்கள். அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும். வயதான பெற்றோர் தனியாக இருந்தால் அந்தத் தாளை அவர்கள் கண்ணில் படும் இடத்திலும் ஒன்று ஒட்டிவிடுங்கள், தயவுசெய்து.